மூன்று விநாடிக் காத்திருப்பு

புணேயில் ஒரு பல்கலைக்கழகப் பட்டறையின் சன்னலோரத்தில் சிறிய சி.என்.சி. மில்லிங் இயந்திரம் ஒன்று பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. வேலைப்பரப்பு 30 × 18 செ.மீ. மட்டுமே. பெயர்ப்பலகை செதுக்குவதும் மாணவர்களின் மின்சுற்றுப் பலகைகளில் துளையிடுவதும்தான் அதன் அன்றாடப் பிழைப்பு. அதைப் பேணிவந்த பட்டறைப் பணியாளரை எல்லோரும் காகா என்றே அழைத்தனர். ஓய்வுபெற அவருக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. கட்டர் மழுங்கிவிட்டதை அவர் கண்ணால் பார்த்து அறிந்ததில்லை. அறையின் மறுகோடியில் தேநீர் குடித்தபடியே, ஒலி மாறியதைக் கேட்டு எழுந்து வருவார்.

மொழியியல் துறையின் ஆய்வு மாணவி அவரைத் தேடி வந்ததும் ஓர் ஒலிக்காகத்தான். 1940களின் தொடக்கத்தில் ஜப்பானியர்களான சிபாவும் கஜியாமாவும் எக்ஸ்ரே படங்களின் துணையோடு, உயிரொலிகளை ஒலிக்கையில் குரல்வழி கொள்ளும் வடிவங்களை அளந்தனர். அந்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டு பின்னாளில் தகாயுகி அராய், துளையிட்ட தகடுகளை அடுக்கிக் குரல்வழி மாதிரிகளைச் செய்தார். தகட்டுக்குத் தகடு துளையின் விட்டம் மாறும். அடுக்கின் ஒரு முனையில் ஒலிமூலத்தை வைத்தால் மறுமுனையில் 'ஆ' என்றோ 'ஈ' என்றோ கேட்கும். முதலாண்டு மாணவர்களுக்கு ஒலியியல் கற்பிக்க இதைவிட நேரான வழி இல்லை. குரல்வழியின் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ.; 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டினால் ஓர் உயிருக்கு 57 தகடுகள். ஆ, ஈ, ஊ மூன்றுக்குமாக 171.

காகா முதல் தகட்டை மில்லிங்கிலேயே வெட்டித் தந்தார். துளை அளவு அப்பழுக்கற்றது. ஆனால் பிளைவுட்டின் மேலடுக்கு ஓரங்களில் சிலும்பியிருந்தது. உப்புத்தாள் தேய்த்துப் பிசிறு நீக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. அதை 171ஆல் பெருக்கிப் பார்த்த மாணவி லேசரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள். லேசர் கட்டர் வாங்கத் துறையிடம் பணமில்லை. ஆனால் டையோடு லேசர் தலை மட்டும் வாங்கப் பணம் இருந்தது. ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு அதே பிடிப்பில் லேசர் தலையைப் பொருத்தினால் போதும் என்று அவள் படித்திருந்தாள்.

பொருத்துவது உண்மையிலேயே ஒரு பிற்பகல் வேலைதான். ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்குறிப்பு லேசரின் வலிமையைக் கட்டுப்படுத்தவும் உதவும். கம்பியை மாற்றி இணைத்தால் முடிந்தது. நேரம் பிடித்தவை மற்றவை. பல ஆண்டு மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் திருகுதண்டுகளின் இடுக்கெல்லாம் அப்பிக் கிடந்தன. கட்டருக்கு அவை வெறும் அழுக்கு, லேசருக்கு விறகு. காகா இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்தார். மேடைமேல் இருந்த பலிப்பலகையை எடுத்துவிட்டு இரும்பு வலை போடப்பட்டது. ஒளி மரத்தோடு நின்றுவிடாமல் கீழே இருப்பதையும் எரிக்கும். சன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். அருகில் ஒரு வாளி நீர், ஈரச்சாக்கு.

மில்லிங்கில் கட்டர் பொருளைத் தள்ளும். ஆகவே பொருளை இறுகப் பிடிக்க வேண்டும். ஒளி எதையும் தள்ளுவதில்லை. நான்கு காந்தங்கள் போதும் என்று அவள் சொன்னபோது காகா நம்பவில்லை. "பிடிக்காத வேலை எப்படி நேராக வரும், பேட்டா?" என்று கேட்டு, பழைய கிளாம்புகளில் இரண்டை அப்படியே விட்டுவைத்தார். திருகுதண்டில் ஊர்ந்து நகரும் இயந்திரம் லேசருக்குப் பொருந்தாது என்பார்கள். படம் செதுக்குவதற்கு அது உண்மை. பிளைவுட்டை அறுக்கும்போதோ ஒளியே மெல்லத்தான் நகர வேண்டும். அதனால் இழப்பொன்றும் இல்லை.

முதல் தாள் மேடையேறியது. ஒரு தாளில் 15 தகடுகள். அவள் காகாவின் பழைய நிரல் வார்ப்பைத் திறந்து, வட்டங்களின் அளவுகளை மட்டும் மாற்றி ஓடவிட்டாள். ஒவ்வொரு துளையின் தொடக்கத்திலும் தலை நகராமல் நின்றது. நின்ற இடத்தில் ஒளியும் நின்றது. மூன்று துளைகள் புகையோடு போயின. நான்காவதில் கட்டைவிரல் உயரத்துக்குச் சுடர் எழுந்தது. காகா அவசர நிறுத்தத்தை அடித்து, ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தார். அதற்குள் ஆனது ஐந்து விநாடிகூட இருக்காது. அணைந்த பிறகுதான் அவள் கவனித்தாள்: அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. கட்டரின் முனையைக் குனிந்து பார்த்துப் பழகிய மனிதர், அன்றும் குனிந்திருந்தார்.

டையோடு லேசரின் ஒளி ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம். கரியமிலவாயு லேசரின் கதிர் கருவிழிப்படலத்திலேயே நின்றுவிடும்; நீல ஒளி அதைக் கடந்து, கண்ணின் வில்லையாலேயே குவிக்கப்பட்டு, விழித்திரையில் போய் விழும். பலகையிலிருந்து தெறிக்கும் ஒளியும் விலக்கல்ல. மாலைவரை தன் வலக்கண்ணில் ஒரு சாம்பல் பொட்டு மிதக்கிறது என்றார் காகா. மறுநாள் கண் மருத்துவர் விளக்கொளியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, விழித்திரையில் காயம் இல்லை என்றார். அந்த ஓர் இரவு அவள் உறங்கவில்லை.

காரணம் நிரலின் ஒரே ஒரு வரியில் இருந்தது: 'ஜி4 பி3'. மூன்று விநாடி காத்திரு என்று பொருள். ஸ்பிண்டில் முழு வேகம் எடுக்கும்முன் கட்டரை மரத்தில் இறக்கினால் முனை ஒடிந்துவிடும். அதற்காக வைத்த பொறுமை அது. எப்போதோ ஒரு மாணவன் அடுத்தடுத்து கட்டர்களை ஒடித்தபோது, காகாவே தம் கையால் வார்ப்பில் சேர்த்த வரி. பெரியவர் எழுதியதைத் தொடுவானேன் என்று அவள் விட்டுவைத்திருந்தாள். அதோடு, கட்டுப்பாட்டு மென்பொருளான கிரபிளில் லேசர் முறையை இயக்கும் 32ஆம் அமைப்பை மாற்றவும் மறந்திருந்தாள். அதை ஒன்றாக்கியிருந்தால், துளையிலிருந்து துளைக்குத் தாவும் நகர்வுகளில் ஒளி தானே அணைந்திருக்கும்.

கோளாறு விளங்கிய பிறகும் மொழியியல் படித்தவளுக்கு அந்த வரி மனத்தைவிட்டு அகலவில்லை. எண்வழி இயக்கம் 1952இல் எம்.ஐ.டி.யில் முதன்முதலாகக் காட்டப்பட்டதே ஒரு மில்லிங் இயந்திரத்தில்தான். ஆகவே ஜி-கோட் என்னும் கட்டளைமொழியின் சொற்களிலெல்லாம் சுழலும் இரும்பின் வாடை உண்டு. எம்3 என்றால் வலஞ்சுழி. எம்4 என்றால் இடஞ்சுழி. எஸ் என்பது சுழல்வேகம். லேசரில் சுழல எதுவும் இல்லை. எனினும் யாரும் புதுச்சொல் படைக்கவில்லை. காலியான வீட்டில் புதுக்குடி ஏறியது. கிரபிளின் லேசர் முறையில் எம்3 என்றால் மாறா ஒளி; எம்4 என்றால் நகரும் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒளி, தலை நின்றால் தானும் அணையும் ஒளி. மூலைகளில் இயந்திரம் வேகம் தணியும்போது எம்3 கருக்கிவிடும், எம்4 கருக்காது.

எள்ளிலிருந்து எடுத்த நெய்யே எண்ணெய். இன்று மண்ணெண்ணெய் என்று சொல்கையில் யாரும் எள்ளைத் தேடுவதில்லை. ஆனால் மனிதப் பேச்சில் பழம்பொருள் ஓசையின்றி இறக்கும். கேட்பவர் சூழல் பார்த்துத் திருத்திக்கொள்வார். இயந்திரம் திருத்திக்கொள்ளாது. சொன்னதைச் செய்யும். இசட் அச்சும் அப்படித்தான்: மில்லிங்கில் அது ஆழம், லேசரில் குவியம். பழைய பழக்கத்தில் 'கீழே 3 மி.மீ.' என்று எழுதினால் ஆழம் கூடாது. ஒளி குவியம் பிறழ்ந்து மழுங்கும்.

அவள் மன்னிப்புக் கேட்கப் போனபோது காகா முந்திக்கொண்டார். "அந்த மூன்று விநாடி நான் எழுதியது." பிறகு கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டி, பின்தலையில் முடிந்துகொண்டார். அதன்பின் அது நெற்றிக்கு ஏறவில்லை.

ஆனால் வேறொன்று அவரை வாட்டியது. லேசர் அறுக்கும்போது விசிறி இரைச்சலைத் தவிர ஒலியே இல்லை. "இது பேசாத மெஷின்" என்பார். முப்பதாண்டுச் செவி ஞானத்துக்கு அங்கே வேலையில்லை. குனிந்து பார்க்கவும் தடை. அவருக்கு மிஞ்சியது மணமும் விளிம்பின் நிறமும்தான். பழுப்பென்றால் சரி, கரியென்றால் வேகம் போதாது. சில வாரங்களில் அதையும் கற்றுக்கொண்டார். வேறு துறை மாணவன் ஒருவன் ஏதோ வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்தபோது, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதைப் பலகையில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டினார். சுடர் பச்சையாயிற்று. பி.வி.சி.! எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும். பலகை வந்த வழியே திரும்பியது.

171 தகடுகளும் முடிந்த அன்று மூலைத் துளைகளில் நீண்ட போல்ட்டுகளைக் கோத்து, மூன்று அடுக்குகளையும் மேசைமேல் வைத்தனர். மாணவி ரீட் ஒன்றைப் பொருத்தி ஊதினாள். 'ஆ' சரியாக வந்தது. 'ஈ' தெளிவாகவே வந்தது. 'ஊ' மட்டும் எதுவென்று சொல்ல முடியாதபடி ஒலித்தது. அவள் அளவுகளின் அட்டவணையை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

காகா வாசலில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார். "அளவில் தப்பில்லை, பேட்டா. நடுவில் எங்கோ காற்று கசிகிறது" என்றபடி வந்தார். அடுக்கின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே பிளைவுட் ஒன்று மயிரிழை வளைந்திருந்தது. ஸ்பானரை எடுத்து நட்டை அரைச்சுற்று இறுக்கிவிட்டு, மறுபடி ஊதச் சொன்னார்.