பொருள் முந்தியா, பெயர் முந்தியா?

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு சிறுபத்திரிகை கொண்டுவருவது என்று நாங்கள் நால்வர் முடிவு செய்தபோது, முதலில் செய்த காரியம் அதற்குப் பெயர் தேடியதுதான். இரண்டு மாதம் தேடினோம். பெயர் கிடைத்ததும் அதை எந்த எழுத்து வடிவில் அச்சிடுவது என்று ஒரு மாதம் விவாதித்தோம். அட்டைக்குத் திருத்தணியில் ஓர் ஓவியரைப் பிடித்தோம். எதைப் பற்றிய பத்திரிகை என்ற கேள்வியை மட்டும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கவிதை, சிறுகதை, மொழிபெயர்ப்பு, திரைப்பட விமர்சனம், நூல் அறிமுகம் என்று எல்லாம் இருந்தன. எல்லாப் பத்திரிகைகளிலும் இருப்பவை எல்லாம் இருந்தன. மூன்று இதழ்கள் வெளிவந்தன. நான்காவது வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு கடிதம்கூட வராததுதான் எங்களை உறுத்தியது.

சென்னையில் விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் இளைய நண்பர் ஒருவர் பொங்கலுக்கு ஊர் வந்திருந்தபோது இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அண்ணா, எல்லாரும் விக்கிறதையே நீங்களும் வித்தா யார் வாங்குவாங்க? சின்னதா ஒரு பொருளை எடுத்துக்குங்க. நாளைக்கு அது ஒரு பிராண்டா வளரணும். அந்தப் பொருள்னா உங்க பேருதான் ஞாபகத்துக்கு வரணும்" என்றார். இலக்கியத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் 'பிராண்ட்' என்ற சொல் எங்களுக்குக் கசந்தது உண்மை. ஆனால் அன்றிரவு யோசித்துப் பார்க்கையில், அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு என்றே தோன்றியது. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று கண்டுகொள்ள எங்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின. இக்கட்டுரை அந்தத் தேடலின் குறிப்பு மட்டுமே.

பெயருக்கு விலை உண்டு என்பதைத் தமிழ்ப் பத்திரிகை உலகம் நெடுநாள் முன்பே அறிந்திருந்தது. 1926ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கி, பிறகு நடத்த இயலாமற்போன 'ஆனந்த விகடன்' இதழின் பெயரை எஸ்.எஸ். வாசன் 1928ல் வாங்கினார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டு எழுத்துகளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார் என்று அந்தக் கதையைச் சொல்வதுண்டு. பெயரை முதலில் வாங்கிய எங்களுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், அந்தப் பெயர் அதே எட்டு எழுத்துகளோடு முன்பும் இருந்ததுதானே! இருந்தும் இதழ் ஓடவில்லை. நகைச்சுவை என்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு, கல்கி போன்ற எழுத்தாளரை அதற்குள் இழுத்துக்கொண்டு, வாசன் அந்தப் பெயருக்குள் எதை இட்டு நிரப்பினார் என்பதுதான் பிற்காலத்தில் அப்பெயரின் விலையாயிற்று. நாங்கள் வாங்கியது வெற்றுப் பாத்திரம்.

கிருத்திகையன்று திருத்தணி மலைக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். படியேறிக்கொண்டிருந்த ஒரு குழுவினர் திருப்புகழ் பாடிக்கொண்டு போனார்கள். சந்தம் படிகளோடு சேர்ந்து ஏறியது. அந்த நெரிசலில்தான், இந்தப் பாடல்கள் இன்று இவர்கள் வாயில் இருப்பதற்குக் காரணமான ஒரு தந்தையும் மகனும் எங்கள் நினைவுக்கு வந்தார்கள்.

தந்தை வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. நீதித்துறையில் பணிபுரிந்தவர். 1871ல் சிதம்பரம் தீட்சிதர்களின் வழக்கொன்றில் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாடல் காட்டப்பட்டதாகவும், அதைக் கேட்ட மாத்திரத்தில் அப்பாடல்களின்மேல் அவருக்குப் பித்துப் பிடித்ததாகவும் சொல்வார்கள். அருணகிரிநாதர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. ஆனால் ஏடுகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. பிள்ளை அவற்றைத் தேடிப் புறப்பட்டார். அரசுப் பணியும் குடும்பமும் இருந்த ஒருவர், கிடைத்த ஓய்வையெல்லாம் ஒரே ஒரு புலவரின் பாடல்களுக்குக் கொடுத்தார். முதல் தொகுதி அச்சில் வந்தது 1894ல். இடையில் ஓடியவை இருபத்து மூன்று ஆண்டுகள்! இன்று நமக்குக் கிடைத்திருப்பவை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு பாடல்கள். பதினாறாயிரத்தோடு வைத்துப் பார்த்தால் அது சொற்பம். ஆனால் அந்த மனிதர் புறப்பட்டிராவிட்டால் அந்தச் சொற்பமும் செல்லரித்துப் போயிருக்கும்.

மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை, 1883ல் பிறந்து 1972ல் மறைந்தவர். செங்கல்வராயன் என்பதே திருத்தணி முருகனின் பெயர்தான். அவரும் அரசு ஊழியர். பத்திரப் பதிவுத் துறையில் வேலை. தந்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பாடபேதங்களை ஒப்புநோக்கி, 1950களில் 'முருகவேள் பன்னிரு திருமுறை' என்ற வரிசையில் திருப்புகழை உரையோடு பதிப்பித்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்த பிறகு செய்த வேலை அது. தமிழுலகம் அவரைத் 'தணிகைமணி' என்று அழைத்தது. எங்கள் மலையே அவர் பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

இளைய நண்பர் சொன்னதில் சரியான பாதி இங்கே விளங்கியது. பொருள் சிறியதாகத்தான் இருக்கவேண்டும். 'பக்தி இலக்கியம்' என்று தொடங்கியிருந்தால் தந்தையும் மகனும் அதில் கரைந்து போயிருப்பார்கள். தவறான பாதியும் விளங்கியது. பெயரை அவர்கள் தேடிக்கொள்ளவில்லை. அது முதுமையில், பிறர் கையால் வந்தது.

இந்த மலையோடு பிணைந்த இன்னொரு பெயரும் உண்டு. ம.பொ. சிவஞானம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், பழந்தமிழ் நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அவற்றுள் ஒன்றை மட்டும் தம்முடையதாக வரித்துக்கொண்டார். சிலப்பதிகாரத்துக்காக மேடைதோறும் பேசினார், நூல்கள் எழுதினார், விழா எடுத்தார். 'சிலம்புச் செல்வர்' என்பது அவருடைய இயற்பெயரையே மறைத்துவிடுமளவுக்கு வளர்ந்தது. இத்தனை காப்பியங்கள் இருக்க அவர் ஏன் சிலம்பைப் பிடித்தார்? சோழநாட்டில் தொடங்கிப் பாண்டியநாட்டில் எரிந்து சேரநாட்டில் முடியும் கதை அது. முடியரசுகள் மூன்றாக இருந்தாலும் தமிழகம் ஒன்று என்று அவர் அரசியலில் சொல்லவந்ததை அந்நூல் முன்னமே சொல்லியிருந்தது. 1946ல் அவர் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். தமிழாசிரியர் மங்கலங்கிழார் போன்றோரோடு சேர்ந்து வடக்கெல்லைக்காகப் போராடினார். 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போய்விட்ட திருத்தணி வட்டாரம், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பதி மலை அந்தப் பக்கம், திருத்தணி மலை இந்தப் பக்கம் என்றாயிற்று. சிலம்பு படித்த கண்ணும் எல்லை பார்த்த கண்ணும் ஒன்றே. வாசல் குறுகலாக இருந்தது. உள்ளே ஒரு நாடே இருந்தது.

ஆக, சிறிய பொருள் மட்டும் போதாது. அதற்குள்ளிருந்து பெரிய கேள்வி ஒன்று திறக்கவேண்டும். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதற்கு மற்றொரு சான்று. 1959 ஜனவரியில் அவர் அதைத் தொடங்கியது பெரிதும் விமர்சனத்துக்காக. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். ஆனால் இன்று 'எழுத்து' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புதுக்கவிதை. 1962ல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பு அந்தப் பெயரை நிலைநாட்டியது. எடுத்துக்கொண்ட பொருளோடு உண்மையாக இருந்தால், அது நம்மை நாம் நினையாத இடத்துக்கும் அழைத்துச் செல்லும் போலும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் பொருள் எது?

எங்கள் ஊரில் கடைப் பலகைகள் இரண்டு எழுத்தில் இருக்கும். குசஸ்தலை ஆற்றைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் ஆந்திரம். தெருவில் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. அல்லது வீட்டுக்குள் தமிழ், கடையில் தெலுங்கு. சுற்றுவட்டாரமெங்கும் நெசவு. விசைத்தறி ஓசை கேட்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பாவு என்று ஒரு வீட்டில் சொல்வதை அடுத்த வீட்டில் படுகு என்பார்கள். இங்கே ஊடை, அங்கே பேக. இங்கே தார், அங்கே கண்டெ. நாடாவும் நாடெயும் அக்காள் தங்கை. ஒரே தறியில் அமர்ந்திருக்கும் கணவன் ஒரு சொல்லும் மனைவி ஒரு சொல்லும் சொல்லி, இருவரும் ஒரே நூலை எடுப்பதைக் குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1960ல் வரைபடத்தில் கிழித்த கோடு இந்தச் சொற்களுக்கு எட்டவே இல்லை. அகராதிகளுக்கும் இவை முழுதாக எட்டியதாகத் தெரியவில்லை. எங்கள் மூன்று இதழ்களிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது! உலகக் கவிதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் பெரியப்பா என்று அழைப்போம். குழித்தறி காலத்து மனிதர். கஞ்சி போடுவது, பாவு பிணைப்பது, இழை அறுந்தால் சொல்லும் வசவு என்று ஒவ்வொன்றுக்கும் இரு மொழியிலும் சொல் வைத்திருந்தவர். ஒரு மாலை அவரிடம் உட்கார்ந்து முப்பது சொற்கள்போலக் குறித்துக்கொண்டோம். "இத எழுதி என்ன பண்ணப் போறீங்க நாயனா? யாரு படிப்பாங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உண்மையில் அதே கேள்விதான் எங்களுக்கும் இருந்தது. தறிச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பத்திரிகை எப்படி நடத்துவது? யார் சந்தா கட்டுவார்கள்? இன்னும் பரந்த, இன்னும் கவர்ச்சியான ஒன்றைத் தேடுவோம் என்று அந்த நோட்டை மூடிவைத்தோம். எல்லைப் போர் வரலாறு, கோயில் வரலாறு, நாட்டார் கதைகள் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுக்கொண்டிருந்ததில் ஓராண்டுக்குமேல் போயிற்று.

திரும்ப நோட்டோடு போனபோது பெரியப்பா இல்லை. நாங்கள் வெளியூரில் இருந்த ஒரு வாரத்தில் போய்விட்டிருந்தார். தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். அதன்மேல் பேரனின் இருசக்கர வண்டி நின்றது. பெரியம்மா காப்பி கொடுத்துவிட்டு, "அவர் ஒங்கள ரெண்டு மூணு தடவ விசாரிச்சாரு. இன்னும் நெறைய வார்த்த ஞாபகம் வந்துச்சாம், பசங்க வரலியேன்னாரு" என்றார். காப்பி உள்ளே இறங்கவில்லை.

சுப்பிரமணிய பிள்ளை யாருக்குப் பிடிக்கும் என்று எடைபோட்டுக்கொண்டிருந்தால் எத்தனை ஏடுகள் அந்த ஆண்டில் அழிந்திருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டோம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது கடையில் துணி எடுப்பது போன்றதன்று. நாம் தயங்கும் நேரத்தில் அந்தப் பொருளும் காத்துக்கொண்டிருக்கிறது. சில வேளை காத்திருந்து போய்விடுகிறது. எது வளரும் என்று கேட்பதற்கு முன்னால், நாம் எடுக்காவிட்டால் எது போய்விடும் என்று கேட்டிருக்கவேண்டும். அந்தக் கேள்விக்கான விடை எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி இருந்தது.

இப்போது நோட்டில் நானூறுக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தறிவீடுகளுக்குப் போகிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த வீட்டில், எந்த மொழியில், எந்த வேலையின்போது கேட்டோம் என்று குறித்துக்கொள்கிறோம். பாவு பிணைப்பதைப் பெரியம்மாதான் செய்து காட்டினார். தீர்ந்த பாவின் இழைநுனியையும் புதுப்பாவின் இழைநுனியையும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்றையும் விடமுடியாது, அவசரப்படவும் முடியாது. எங்கள் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான் என்று தெரிந்துவிட்டது.

போன பொங்கலுக்கு வந்த இளைய நண்பர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணா. இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றோம்.