19-ஆம் சேனலில் யார் இருக்கா?

மக்களே, ஆங்கிலப் படங்களில் லாரி டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் சுருள் ஒயர் மைக்குமா பேசிட்டே போவாரே, பார்த்திருப்பீங்க. அதுதான் சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமா சிபி ரேடியோ. நான் மரக்காணத்துக்காரன். உப்பளத்தில் லோடு ஏத்தி, தார்ப்பாய் கட்டி, ஈசிஆரில் ஏறும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன். எனக்கு இதுமேல ஆசை வராம இருக்குமா?

முதல் கேள்வி: இங்கே இது சட்டப்படி சரியா? சரிதான். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள் பேச 2005-லிருந்து லைசென்ஸ் வேண்டாம். கருவிக்கு மட்டும் அரசு ஒப்புதல் இருக்கணும். அமெரிக்க சிபியில் 40 சேனல். கணக்குப் போட்டுப் பாருங்க, முதல் 27 சேனல்தான் நம்ம எல்லைக்குள் வரும். அங்கே லாரிக்காரர்கள் கூடும் 19-ஆம் சேனல், அதாவது 27.185, நல்லவேளையா உள்ளே இருக்கு. ஆன்லைனில் மலிவா கிடைக்குதேன்னு 136–174 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கியை மட்டும் வாங்கிடாதீங்க. அதுக்கு இந்த விலக்கு கிடையாது.

இசிஇ மக்களுக்கு ஒரு விஷயம். இந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். செங்குத்தான ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை தரையை ஒட்டியே போகும்போது, காய்ந்த மண் அதன் சக்தியைத் தின்னுடும். உப்புநீர் ஊறிய தரை மின்சாரத்தை நல்லா கடத்துறதால அந்த இழப்பு குறைவு. ஆக, வெயிலில் வெளுத்துக் கிடக்கும் நம்ம பாத்திகள் ரேடியோவுக்கு அருமையான இடம்.

எல்லாம் இருக்கு, பேசத்தான் ஆள் இல்லை. இங்கே எந்த லாரியிலும் சிபி செட்டை நான் பார்த்ததில்லை. உப்பு லோடு ஓட்டும் என் மாமாகிட்ட கேட்டேன். “அதான் போன் இருக்கே மாப்ள, இது எதுக்குடா?” என்றார்.

நியாயமான கேள்வி. நான் யோசிச்சு சொன்ன பதில் இதுதான்: “மாமா, போன்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்களைத்தான் கூப்பிட முடியும். ராத்திரி ரெண்டு மணிக்கு, லைட் இல்லாம நடுரோட்டுல நிக்கிற லாரியைத் தாண்டி வர்றீங்க. பின்னால வர்றவன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?” மாமா கொஞ்ச நேரம் பேசலை. “இல்ல” என்றார்.

அமெரிக்காவிலும் தேவைதான் கூட்டத்தைச் சேர்த்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் எந்த பங்க்கில் டீசல் இருக்கு, எங்கே போலீஸ் நிக்குதுன்னு முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லத்தான் டிரைவர்கள் மைக்கைப் பிடிச்சாங்க. கடலிலும் இதே வழக்கம்தான். விஎச்எஃப் செட்டில் 16-ஆம் சேனல் உலகம் முழுக்க ஆபத்துக் குரலுக்கான பொதுச் சேனல். யார் கூப்பிட்டாலும், கேட்கிறவர் பதில் சொல்லணும்.

அதனால நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா, செட்டை ஒண்ணா வாங்காதீங்க, ரெண்டா வாங்குங்க. ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு தெரிஞ்ச டிரைவருக்கு. ஓடும் வண்டியில் அது கிளீனர் கையில் இருக்கட்டும். முதல்ல கேளுங்க, சேனல் காலியா இருந்தா பட்டனை அழுத்துங்க, ஒரு நொடி விட்டுப் பேசுங்க. எந்த இடம், எந்தப் பக்கம், என்ன ஆபத்து: மூணே விஷயம். முடிச்சதும் பட்டனை விட்டுடுங்க, இல்லைன்னா வேற யாராலும் பேச முடியாது.

கையடக்க செட்டில் சில கிலோமீட்டர்தான் எட்டும். பின்னால வர்ற வண்டி பிரேக் பிடிக்க அது போதும். அந்த வண்டியிலும் ஒரு செட் இருக்கணும், அவ்வளவுதான். நம்ம காலேஜில் டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கோம்? வாங்க, சேர்ந்து ஆரம்பிப்போம்.