தனியே நிற்க வேண்டிய வாக்கியம்

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காரும். பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதினால் எல்லாம் ‘ஆர்’ என்றே முடியும். பேரப்பிள்ளைகளுக்காக நான் எழுதிவரும் அப்பாவின் கதையிலும் அப்படித்தான்: ‘அப்பா 4.30 மணிக்கு எழுந்தார். கிணற்றடியில் குளித்தார். திருநீறு பூசினார். சைக்கிளில் மில்லுக்குப் போனார்.’ எதுவும் பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல் கேட்கிறது.

மருந்து நாம் படித்த இலக்கணத்திலேயே இருக்கிறது. வினையெச்சத்தால் கோத்தால் நான்கும் ஒன்றாகும்: ‘4.30 மணிக்கு எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சைக்கிளில் மில்லுக்குப் போவார்.’ பயனிலை வினையாகத்தான் இருக்க வேண்டுமா? பெயராகவும் வரலாம்: ‘அந்த சைக்கிள்தான் அவர் சொத்து.’ வினாவாகவும் வரலாம்: ‘அவருக்குப் பிடித்த பலகாரம் எது?’ இதை அவரிடம் கேட்டு வைத்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் கோத்துவிடக் கூடாது. எச்சமாகப் போனது பின்னுக்கு நகர்ந்துவிடும். முற்றாக நிற்பதுதான் மனதில் தங்கும். அம்மாவின் காரியங்கள் முடிந்து, உறவினர் எல்லோரும் ஊர் திரும்பிய மறுநாள் காலையைப் பற்றி இப்படி எழுதினேன்: ‘அப்பா இரண்டு டம்ளர் காபி கலந்தார்.’

அந்த வாக்கியத்தை எதனோடும் சேர்க்கவில்லை.

நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதினால், திருத்தும்போது ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எது தனியே நிற்க வேண்டும் என்று காதே சொல்லிவிடும். மற்றவற்றைத் தாராளமாகக் கோத்துக்கொள்ளலாம்.