டென்மார்க்கில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் துணை

டென்மார்க்கில் எச்.ஐ.வி. மாத்திரைகளை மருத்துவமனையே இலவசமாகத் தருகிறது. ஆனால் பரிசோதனை முடிவு கையில் கிடைத்ததும் எழும் கேள்விகள் வேறு. வீட்டில் சொல்லலாமா? காதலிப்பவரிடம் எப்போது சொல்வது? இவற்றுக்கு மருத்துவர் சொல்லும் பதிலைவிட, அதே நாட்களைக் கடந்துவந்த ஒருவரின் பதிலே மனத்தில் இறங்குகிறது. அப்படிப்பட்டவர்களை ஒன்றுசேர்ப்பதே எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் சங்கமான ‘ஹிவ்-டான்மார்க்’கின் முக்கியமான பணி.

தொற்றுள்ளவர்கள் அதை வெளியே சொல்லத் தயங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிறருக்குத் தொற்று அபாயம் ஏற்படுத்தியவரைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டத்தின் 252ஆவது பிரிவு இடம் தந்தது. நவீன சிகிச்சையால் நோயின் தன்மையே மாறிவிட்டதால், 2011இல் எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அது நிறுத்திவைக்கப்பட்டது.

கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹொஸ்பிடல் மருத்துவமனை ஆய்வாளர்களும் பங்கேற்ற ‘பார்ட்னர்’ ஆய்வின் இரண்டாம் கட்ட முடிவு 2019இல் வெளியானது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 782 ஆண் இணைகளில், மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இந்தச் செய்தியைப் புதிதாகத் தொற்று உறுதியானவரிடம் நேரில், சொந்த வாழ்க்கையைக் காட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சென்னையில் பாதிக்கப்பட்ட பெண்களே 1998இல் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியதும் இதே தேவையால்தான்.