ஏழாவது கார்டு

என் ஹாஸ்டல் ரூமில் கட்டிலுக்கு மேலே சுவரில் ஏழு போஸ்ட்கார்டுகள் ஒட்டியிருக்கிறேன். ரூமுக்கு வருகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "ஏய், நீ ஆப்பிரிக்கா போயிருக்கியா?" இல்லை. பாஸ்போர்ட்டே போன செமஸ்டரில்தான் அப்ளை பண்ணினேன். ஏழும் தான்சானியாவிலிருந்து தபாலில் வந்தவை. அந்த நாட்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடங்கள் மொத்தம் ஏழு. இடத்துக்கு ஒரு கார்டு. ஏழாவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது ஆரம்பித்தது என் ஸ்கூல் ஃப்ரெண்டால். சென்னை ஐஐடி 2023-ல் சான்சிபார் தீவில் ஒரு வளாகம் திறந்தது. அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். "வாட்ஸ்அப்ல தினமும் பேசறோம், அது கணக்கே இல்ல. உனக்கு லெட்டர் போடறேன்" என்றாள். ஐந்து வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. நாங்கள் இரண்டு பேருமே எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஆனால் கார்டில் தமிழில் எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "கார்டுதானே, வழியில யார் வேணா படிக்கலாம். தமிழ்னா சேஃப்" என்றாள். மூன்று எழுத்துப்பிழை இருந்தது. நான் பதில் போட்டபோது ஐந்து இருந்ததாம்.

அந்த முதல் கார்டில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். முன்னால் மணிக்கூண்டு, சுற்றிலும் இரும்புத் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள். பெயர் பெய்த் அல் அஜைப், அதாவது அதிசயங்களின் மாளிகை. சுல்தான் பர்காஷ் 1883-ல் கட்டியது. சான்சிபாரில் முதலில் மின்விளக்கு எரிந்த கட்டடம் இதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே முதலில் லிஃப்ட் வந்ததும் இங்கேதான். அது இருக்கும் ஸ்டோன் டவுன் பகுதி 2000-ல் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

"செமையா இருக்கு, நேர்ல பார்த்தியா?" என்று மெசேஜ் போட்டேன்.

"பாதிதான் பார்த்தேன்" என்று பதில் வந்தது.

2020 டிசம்பர் 25 அன்று அந்தக் கட்டடத்தின் முன்பகுதி மணிக்கூண்டோடு சேர்ந்து இடிந்து விழுந்திருக்கிறது. இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். அப்போது உள்ளே பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1896-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் குண்டுவீச்சைத் தாங்கி நின்ற கட்டடம். கடைகளில் மட்டும் இன்னும் பழைய படம்தான் விற்கிறார்கள்.

நான் சிவில். கட்டடம் விழுவது எங்களுக்குப் பாடம். ஆனால் சுவரில் முழுசாக நிற்கிற ஒன்று அங்கே பாதிதான் இருக்கிறது என்பது என்னவோ செய்தது. மிச்ச ஆறையும் சேர்த்தே ஆகணும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஃப்ரெண்டு தீவில் இருக்கிறாள், மற்ற ஆறு இடங்களும் அங்கிருந்து தள்ளி. அவளுடைய தான்சானிய கிளாஸ்மேட்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது சொல்லி அனுப்புவாள். செரெங்கெட்டி, கொரொங்கோரோ, கிளிமஞ்சாரோ மூன்றும் ஈஸியாகக் கிடைத்தன. டூரிஸ்ட்டுகள் போகிற இடங்கள். கோண்டோவா பாறை ஓவியங்களுக்கும் கில்வா தீவுக்கும் ஒரு வருஷம் ஆனது.

கில்வா கார்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1331-ல் இப்னு பதூதா வந்து பார்த்துப் பாராட்டிய ஊர். தங்க வியாபாரத்தால் செழித்தது. இப்போது கூரை போன பவளக்கல் சுவர்கள். இந்தக் கடற்கரைக் கட்டடங்களைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பழைய சுவாஹிலி வீடுகளில் அறைகள் ரொம்ப நீளமாக இருக்கும், ஆனால் அகலம் குறைவு. காரணம் சிம்பிள். கூரையைத் தாங்கியது அலையாத்தி மரக் கம்புகள். கம்பு எவ்வளவு நீளமோ அறை அவ்வளவுதான் அகலம். ஸ்பான் என்றால் என்ன என்று இரண்டாம் வருஷத்தில் நான்கு மாதம் படித்தேன். அந்த ஒரு வரியில்தான் புரிந்தது. அந்தக் கம்புகள் பெருமளவு வந்தது ரூஃபிஜி ஆற்றின் முகத்துவாரக் காடுகளிலிருந்து.

ஆறு கார்டு ஆயிற்று. பாக்கி ஒன்று: செலூஸ் வனவிலங்குக் காப்பகம். அதே ரூஃபிஜி ஆறு பாயும் காடு. சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். 1982-ல் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வேட்டைக்காரர்களால் யானைகளும் காண்டாமிருகங்களும் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்துபோய், 2014-ல் அது ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலுக்குப் போனது. அதற்கப்புறம் அணை வந்தது.

அணை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் வருஷ ஹைட்ராலிக்ஸ் செமினாருக்கு டாபிக் தேடிக்கொண்டிருந்த நேரம். ஜூலியஸ் நைரேரே நீர்மின் திட்டம். ஒவ்வொன்றும் 235 மெகாவாட் கொண்ட ஒன்பது டர்பைன்கள், மொத்தம் 2,115 மெகாவாட். 130 மீட்டருக்கு மேல் உயரம். நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் காடு. கட்ட வேண்டாம் என்று உலக பாரம்பரியக் குழு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. 2021-ல் செலூஸைப் பட்டியலிலிருந்தே நீக்கலாமா என்று விவாதம் நடந்தது. கடைசியில் நீக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பிபிடி செய்தேன். கடைசி ஸ்லைடில் என் ஆறு கார்டுகளின் படம், ஏழாவது இடம் காலி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "காணவில்லை". கிளாஸில் கைதட்டினார்கள். நல்ல மார்க்கும் வந்தது. பெருமையாக ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வாய்ஸ் நோட். பேசியது என் ஃப்ரெண்டு இல்லை, அவளுடைய ரூம்மேட். மொரோகோரோ பக்கத்துப் பொண்ணு. எனக்குக் கிடைத்த கார்டுகளில் நான்கு அவள் அலைந்து வாங்கிக் கொடுத்தவை. கோபமாகப் பேசவில்லை. அவள் சொன்னது தோராயமாக இதுதான்:

"ஸ்லைடெல்லாம் நல்லா இருந்துச்சு. காடு போச்சுன்னு எனக்கும் வருத்தம்தான். ஆனா எங்கம்மா டெய்லர். 2023 கடைசியில கரண்ட் கட் பயங்கரமா இருந்தப்போ, கரண்ட் வர்ற நேரம் பார்த்து ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுத் தைப்பாங்க. எனக்கு ஃபீஸ் கட்டினது அந்தக் காசுதான். உன் ஸ்லைடுல யானை இருக்கு, மரம் இருக்கு, ஆறு இருக்கு. எங்க யாரையுமே காணோமே?"

அன்றைக்கு ராத்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். செரெங்கெட்டியில் சிங்கம். கொரொங்கோரோவில் அந்தப் பெரிய எரிமலைப் பள்ளம். 1959-ல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாசாய் மக்களில் பலர் கொரொங்கோரோவுக்குத்தான் வந்தார்கள். இப்போது அங்கிருந்தும் போகச் சொல்கிறார்கள் என்று நியூஸில் படித்திருக்கிறேன். கார்டில் ஒரு மாசாய் ஆள்கூட இல்லை. ஆறு கார்டிலும் தேடினேன். அதிசய மாளிகை முன்னால் கடற்கரையில் ஒரு சின்னப் புள்ளி, சைக்கிளில் போகிற ஆள். அவ்வளவுதான்.

அணை சரியா தப்பா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அணைக்குக் கீழே ஆற்றை நம்பி விவசாயமும் மீன்பிடியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முகத்துவாரத்தில் அந்த அலையாத்திக் காடு இருக்கிறது. வண்டல் வராமல் போனால் அவர்களுக்கும் காட்டுக்கும் அடிதான். 90 சதவீதம் அழிந்த பிறகு மிச்சமிருக்கிற யானைகளும் இருக்கின்றன. இதெல்லாம் உண்மை. தையல் மெஷினும் உண்மை. என் பிபிடியில் தப்பு எது என்றால், ஒரு பக்கத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. லோடு கால்குலேஷனில் அப்படி ஒன்றை விட்டால் எங்கள் சார் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதற்கு மார்க் போட்டுவிட்டார்கள்.

அவளுக்கு ஒரு ஸாரி அனுப்பினேன். "ஸாரி எல்லாம் வேணாம், அட்ரஸ் அனுப்பு" என்றாள்.

போன மாதம் ஏழாவது கார்டு வந்தது. ஆற்றங்கரையில் யானைக் கூட்டம். ஆனால் மேலே செலூஸ் என்று இல்லை, நைரேரே தேசியப் பூங்கா என்று இருக்கிறது. செலூஸின் ஒரு பெரும் பகுதியைப் பிரித்து 2019-ல் அந்தப் பூங்காவை உருவாக்கினார்கள். செலூஸ் என்பது வேட்டைக்காரரான ஓர் ஆங்கிலேயரின் பெயர். நைரேரே அந்த நாட்டின் முதல் அதிபர், மக்கள் அவரை ம்வாலிமு, அதாவது ஆசிரியர், என்று அழைத்தார்கள். அணைக்கும் அவர் பெயர், பூங்காவுக்கும் அவர் பெயர். பட்டியலில் இருக்கிற பெயர் இன்னும் செலூஸ்தான். ஆக, இது ஏழாவது கார்டா இல்லையா? என் ரூம்மேட் இல்லை என்கிறாள். நான் ஒட்டிவிட்டேன்.

பின்பக்கம் அவள் எழுதியது: "அம்மா இப்போ பகலில் தைக்கிறாங்க. நான் இந்த யானைகளை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. நீ வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்."

பதிலுக்கு நானும் ஒரு கார்டு போட நினைத்தேன். தஞ்சாவூர் பெரிய கோயில் கார்டு வாங்கினேன். கிளிமஞ்சாரோ பட்டியலில் சேர்ந்த அதே 1987-ல் சேர்ந்தது. நல்ல படம்தான், நீல வானம், விமானம், ஆள் நடமாட்டமே இல்லை. திருப்பி வைத்துக்கொண்டு படத்தில் இல்லாததையெல்லாம் எழுதினேன். மத்தியானம் போனால் கல்தரை கொதிக்கும், செருப்பில்லாத காலோடு எல்லாரும் நிழலைத் தேடிக் குதித்துக் குதித்து ஓடுவார்கள். சாயங்காலம் ஆனால் புல்தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கதை பேசுவார்கள். சின்ன வயதில் அங்கே ஒரு தடவை தொலைந்துபோய், நந்தி பக்கத்தில் நின்று அழுதேன், யாரோ ஒரு பாட்டி கடலைமிட்டாய் கொடுத்தார்.

இடம் போதவில்லை. அட்ரஸுக்கான பாதியிலும் கொஞ்சம் ஏறிவிட்டது. அங்கே தபால் பெரும்பாலும் வீட்டு வாசலுக்கு வராது, எஸ்.எல்.பி. என்று போட்டு எண் எழுதினால் தபால் ஆபீஸ் பெட்டியில் போடுவார்கள். எண்ணைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். ஐந்து வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.