மசினகுடிக்குப் பாறு தேடிப் போனவர்கள்

நீலகிரி என்றால் குளிரும் தேயிலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அதே மலையின் வடக்குச் சரிவில் இறங்கினால் வேறொரு நாடு. மேற்கிலிருந்து வரும் மழையை மலை தடுத்துக்கொள்வதால் மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், ஆனைகட்டி, சிறியூர் பக்கமெல்லாம் வறண்ட முள்காடு. வேலமும் உசிலையும் நிறைந்த இந்த மேட்டுநிலத்துக்குச் சீகூர் பீடபூமி என்று பெயர். அதன் வடக்கு விளிம்பில் ஆழமான பள்ளத்தாக்கில் மாயாறு ஓடுகிறது. யானைக்கும் புலிக்கும் பேர் போன முதுமலைக் காப்பகத்தின் ஒரு பகுதி இது. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களில் முக்கியமானதும் இதுதான். 'பிணந்தின்னிக் கழுகு' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் பறவை.

பொங்கல் முடிந்த கையோடு கொங்குப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே கிளம்பினார்கள். அதில் ஒருவர் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். இருவர் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் அண்ணன் தம்பி. ஐந்தாமவர் கோபி பக்கம் நாலு ஏக்கர் நெல், மஞ்சளோடு ஆறு கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து மீன்கொத்தியையும் நாரையையும் படமெடுத்துப் பழகியவர். பெரிய லென்ஸ் சொந்தமாக இல்லை. மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். ஆறு மாடு வைத்திருப்பவர் மூன்று நாள் வீட்டை விட்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கறவை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். பால் கறக்க மச்சினனை வரவழைத்து வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

வேனுக்குள் ஒரு சண்டை

முதுமலையில் சொந்த வண்டியில் காட்டுக்குள் போக முடியாது. தெப்பக்காட்டில் வனத்துறையே வேனில் அழைத்துப் போகிறது. காலையில் ஒரு வேளை, மதியத்துக்கு மேல் ஒரு வேளை. 'ராத்திரியில் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போறோம்' என்று மசினகுடியில் யாராவது காதில் ஓதினால் கேட்கக் கூடாது. அது சட்டவிரோதம், பிடிபட்டால் அபராதம். வேனை விட்டு இறங்கக் கூடாது, ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது, ட்ரோன் பறக்கவிடவே கூடாது.

வேன் குலுங்கும்போது கனமான லென்ஸைக் கையில் பிடித்தால் படம் கலங்கிவிடும். அதற்காக ஜன்னல் விளிம்பில் ஒரு சின்னத் துணிப்பையை வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்வார்கள். கடையில் விற்கும் பைக்குள் பிளாஸ்டிக் மணிகள் இருக்கும். கோபிக்காரர் வீட்டில் தைத்த மஞ்சப்பையில் கேழ்வரகை நிரப்பி வந்திருந்தார். முதலில் சிரித்த அண்ணன் தம்பி இருவரும் இரண்டாம் நாள் மசினகுடி மளிகைக் கடையில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிவிட்டார்கள்.

முதல் நாள் காலையில் எல்லாருக்கும் புலிதான் வேண்டும். புலி வரவில்லை. புள்ளிமான் கூட்டம், ஒரு காட்டெருமை, குட்டியோடு மூன்று யானைகள், மயில். யாருக்கு எந்த ஜன்னல் என்று ஒரு சண்டை. நாலு பேர் சேர்ந்து போகும் பயணத்தில் இது நடக்காமல் இருக்காது. இடது பக்கம் யானை நின்றால் வலது பக்கத்துக்காரருக்குக் கிடைப்பது முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான். கடைசியில் ஆசிரியர்தான் தீர்ப்புச் சொன்னார்: போகும்போது ஒருவர், வரும்போது இன்னொருவர்.

இதே முதுமலையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டு யானைகளைத் தேடித்தேடிப் படமெடுத்தவர் மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். வளர்ப்பு யானையின் முதுகில் ஏறிப்போய், தானே பல பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு ஃபிலிம் சுருளுக்கு எத்தனை படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலம் அது. இன்றைக்கு ஒரு விநாடிக்கு இருபது படம் அழுத்தும் கேமரா வந்த பிறகும், ஒரு யானைக் கூட்டத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று பார்க்கும் பொறுமை பலருக்கு இல்லை.

வெயில் ஏறினால்தான் பறக்கும்

பாறுவைப் படமெடுக்க விடியலில் எழ வேண்டியதில்லை. உடம்பு கனம், நான்கைந்து கிலோ இருக்கும். விரித்த சிறகு இரண்டு மீட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய உடம்பைச் சிறகடித்தே தூக்கிக்கொண்டு போனால் தின்றது கட்டாது. அதனால் நிலம் சூடாகி, வெப்பக்காற்று மேலே எழும்பும் வரை மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் அந்தக் காற்றில் ஏறி, சிறகை அசைக்காமல் வட்டமடித்து உயரே போகும். ஒன்று கீழே இரையைக் கண்டு இறங்கினால், தூரத்தில் வட்டமடிக்கும் மற்றவை அதைப் பார்த்துப் பின்தொடரும்.

மாயாற்றுப் பக்கம் நான்கு வகை உண்டு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. கடைசியாகச் சொன்னதுதான் திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளையில் வந்து அர்ச்சகர் கையில் சோறு வாங்கித் தின்ற ஜோடி. 1990-களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோனது. சீகூரில் அதிகமாக இருப்பது வெண்முதுகுப் பாறு. ஓடைக்கரையில் ஓங்கி வளர்ந்த நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து அது ஒரு முட்டை இட ஐந்து வருஷம் போல ஆகும். கூட்டுக்குக் கிட்டே ஆள் போனால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டை வெயிலில் கிடக்கும். அதனால் கூடு இருக்கும் ஓடைகளுக்கு யாரையும் விடுவதில்லை. அது நியாயம்தான்.

ஐவரும் வேறு வழியின்றித் தங்கியிருந்த வீட்டு மொட்டை மாடியில் முக்காலியைப் போட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெளுத்த வானத்தில் கறுத்த பறவையை எடுத்தால் வெறும் நிழலாகத்தான் வரும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்து, அது சாய்ந்து திரும்பும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் முதுகின் வெள்ளை தெரியும். பதினொரு மணிக்கு மிக உயரத்தில் இரண்டு வந்தன. ஊசி முனை அளவு. அவ்வளவுதான்.

செத்த மாடும் சின்னக் குப்பிகளும்

சாயங்காலம் டீக்கடையில் ஒரு சேதி காதில் விழுந்தது. ஊர்க்கோடிப் பட்டியில் ஒரு பசு செத்துக் கிடக்கிறது. மசினகுடிப் பக்கம் பாலைவிட எருவுக்காகவே பட்டியில் நாட்டு மாடுகளைக் கட்டுபவர்கள் உண்டு. பகலெல்லாம் காட்டில் மேயும், இரவில் பட்டியில் அடையும், சாணம் லாரி ஏறும்.

ஸ்டூடியோக்காரருக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. "வெட்டவெளியில இழுத்துப் போடச் சொல்லலாம். நாளைக்குப் பத்து மணிக்கு மொத்தக் கூட்டமும் இறங்கும். ஆளுக்கு ஐந்நூறு போட்டா பெரியவருக்கும் ஒரு ஒத்தாசை" என்றார். அண்ணன் தம்பிக்கும் ஆசைதான். காட்டுயிரை இரை போட்டு வரவழைப்பது வேட்டைக்குச் சமமான குற்றம் என்று ஆசிரியர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பட்டிக்கு எல்லாரும் போனார்கள்.

கோபிக்காரர் மட்டும் மாட்டைப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் கேட்டார். "ஏனுங்க ஐயா, மாட்டுக்கு என்னாச்சுங்க?"

"கால் வீங்கி, மேய்ச்சலுக்குப் போகாம படுத்துருச்சு தம்பி. காய்ச்சல் வேற."

"ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?"

"முந்தாநாள் ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போனார். டாக்டர் இல்லை. அந்தப் பக்கம் போறவர், மருந்து வச்சிருப்பார்."

கூரை எரவாணத்தில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையைப் பெரியவர் எடுத்துக் கொடுத்தார். உள்ளே உடைந்த கண்ணாடிக் குப்பிகள் ஐந்து. எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கோபிக்காரர் ஒன்றைக் கேமராவில் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். டைக்ளோஃபினாக். மனிதர்களுக்கான 3 மில்லி குப்பி.

இந்த மருந்தின் கதை கால்நடை வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வலிக்கும் வீக்கத்துக்கும் மலிவான, நல்ல மருந்து. மாட்டுக்குக் கெடுதல் இல்லை. ஆனால், ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால் மருந்து உடலில் தங்கிவிடும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போலப் படியும். ஓரிரு நாளில் பறவை தலை தொங்கிச் செத்து விழும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் 2004-ல் இது உறுதியானது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயின. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும். ஒரு சடலத்தில் ஐம்பது பறவைகள் உட்கார்ந்து தின்னும் என்பதை நினைத்தால் கணக்கு புரியும்.

2006-லேயே மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தடைசெய்யப்பட்டது. அப்புறம் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் விற்கக் கூடாது என்றார்கள். சிலர் ஐந்து சின்னக் குப்பியை உடைக்கிறார்கள், பெரியவர் பட்டியில் நடந்தது போல. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. 2024 டிசம்பரில் நிமசுலைடும் சேர்ந்தது. இவற்றுக்குப் பதிலாக மெலாக்சிகாம், டோல்ஃபினமிக் அமிலம் என்று பாறுவைக் கொல்லாத மருந்துகள் இருக்கின்றன. வலிக்கும் காய்ச்சலுக்கும் அவையே போதும்.

"இதைத் தின்னா பறவை செத்துப்போகுமா?" என்று பெரியவர் இரண்டு முறை கேட்டார். "நான் சின்னப்பையனா இருக்கிறப்ப மாடு விழுந்தா மதியத்துக்குள்ள எலும்பு மட்டும்தான் கிடக்கும். இப்ப நாய்தான் வருது. நாய் வந்தா அது பின்னாலயே சிறுத்தை வருது."

ஸ்டூடியோக்காரர் ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் பக்கத்துப் பட்டியிலிருந்து வந்தன. ஆறடிக் குழி தோண்டி, இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு போட்டு மூடுவதற்குள் இருட்டிவிட்டது. யானை வரும் நேரம் என்று பெரியவர் விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார். பேசிய ஐந்நூறு ரூபாயை அவர் வாங்கவில்லை, சுண்ணாம்புக் காசை மட்டும் வாங்கிக்கொண்டார். (மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்து திடீரென்று செத்த மாடாக இருந்தால் தொடவே கூடாது, அடைப்பான் நோயாக இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவருக்குத்தான் சொல்ல வேண்டும்.)

அன்றிரவு கோபிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். மடிநோய் வந்த சிவலைக்குப் போன வாரம் போட்ட ஊசி எது என்று மனைவியைக் கேட்டார். "எனக்கென்ன தெரியும், நீங்கதானே ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க" என்று பதில் வந்தது. குப்பை மேட்டில் தேடச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்துப் பையன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். மெலாக்சிகாம். மனுஷன் அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலை வேனில், ஓடையோரம் பாதி தின்ற புள்ளிமான் ஒன்று கிடந்தது. செந்நாய்களின் வேலை என்றார் ஓட்டுநர். மேலே காய்ந்த மரத்தில் ஏழு பாறுகள் வெயிலுக்குச் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தன. காட்டு மானுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. வேன் நின்றது மூன்று நிமிஷம். ஜன்னல் கோபிக்காரருடைய முறை. கேழ்வரகுப் பையை ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்து, தான் நகர்ந்து உட்கார்ந்தார். இருவருக்கும் படம் கிடைத்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஊட்டியிலிருந்து கூடலூர் வந்து, அங்கிருந்து சுமார் 18 கி.மீ. போனால் தெப்பக்காடு. நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும். கோடையில் காட்டுத்தீ பயத்தால் வேன் சவாரியை நிறுத்திவிடுவார்கள் என்பதால், விசாரித்துவிட்டுக் கிளம்பலாம். அறுவடை முடிந்த தை மாதம் தோது. கூடு கட்டும் பருவமும் அதுதான்.