ஒரு சொட்டு போதும், மாமா!

டிசம்பர் மாதம் டெல்லிக்குப் போகிறவர்கள் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போவதானால், கூடவே ஒரு ஸ்பூனும் எடுத்துப் போங்கள்.

கரோல்பாக் லாட்ஜில் முதல் நாள் காலை என் அக்கா பெண் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள், உலுக்கினாள், உள்ளங்கையில் குத்தினாள். ம்ஹூம்! மெழுகு மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையும். அன்றைக்கு 8 டிகிரி. இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பாட்டில் எங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் போனது குதுப்மினார் பார்க்க அல்ல. அவள் பிஸ்டல் சுடுகிறவள். 25 மீட்டர் போட்டி. பாயிண்ட் டூ டூ ரகம். ஒரு குண்டு சுட்டால் அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோமேடிக். அந்தப் பிஸ்டலுக்காக அக்காவின் நாலு வளையல் பாங்கில் இருக்கிறது. நான் பி.காம். என்பதால் வட்டிக் கணக்கு என் பொறுப்பு. தாய்மாமன் என்பதால் துணைக்குப் போவதும் என் பொறுப்பு.

சென்னையில் கிளம்புவதற்கு முன் அவள் துப்பாக்கிக்கு கிரீஸ் போட உட்கார்ந்தாள். "கடல் காத்து, துரு பிடிச்சுடும் கண்ணு. தாராளமா வை" என்று பக்கத்தில் நின்று உபதேசம் செய்தவன் அடியேன். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர் மேல் சந்தனத்தை அப்புகிற வம்சம் அல்லவா! அவளும் பெரியவர் வாக்கைத் தட்டாமல், பஞ்சாமிர்தம் மாதிரி அப்பிவிட்டாள். லைசென்ஸ், காகிதங்கள் சகிதம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, ஒரு பகல்.

டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளம் தெற்கு டெல்லியில், துக்ளகாபாத்தில் இருக்கிறது. கையில் துப்பாக்கிப் பெட்டி இருக்கும்போது மெட்ரோவை நினைக்கவே கூடாது, டாக்சிதான். வழியில் துக்ளகாபாத் கோட்டை. துக்ளக் என்றதும் தமிழனுக்கு யார் ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோட்டையைக் கட்டியது அந்தத் துக்ளக் இல்லை, அவருடைய அப்பா கியாசுதீன். 1321-ல் ஆரம்பித்த கோட்டை. சில வருஷங்களிலேயே காலியாகிவிட்டது.

தளம் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. கர்ணி சிங் பிகானீர் மகாராஜா. 1960-லிருந்து 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். உள்ளே நுழைந்தால் முள்மரங்கள், புழுதி, பனிமூட்டம், காது அடைக்கும் 'பட் பட்'.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி. இந்தப் போட்டியில் மொத்தம் 60 குண்டுகள். முதல் 30 நிதானமாகச் சுடலாம். அடுத்த 30-ல்தான் வயிறு கலங்கும். ஏழு விநாடி சிவப்பு விளக்கு, மூன்று விநாடி பச்சை. அந்த மூன்று விநாடிக்குள் கையைத் தூக்கி, குறி பார்த்து, ஒரு குண்டு. இப்படி அடுத்தடுத்து ஐந்து.

முதல் குண்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்குப் பச்சை எரிந்தது... சத்தமே இல்லை! அடுத்த சுற்றிலும் அதே கதை. போட்டியில் இப்படி நின்றால் விதியில் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் தப்பு சுடுகிறவர் பேரில் என்று தீர்ப்பானால், சுடாத குண்டுக்குப் பூஜ்யம்! அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே என்னவோ செய்தது.

வராந்தாவில் ஒரு பெரியவர் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் ஆயுதம் பராமரித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் புலம்பியதைக் கேட்டு, "எந்த ஊரு பாப்பா?" என்றார் தமிழில். வேலூர்ப் பக்கம்! எனக்குத் தெய்வத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

முதலில் மேகஸினைக் கழற்றினார். (மேகஸின் என்றால் நீங்கள் கையில் வைத்திருப்பது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.) போல்ட்டைப் பின்னால் இழுத்து, சேம்பரில் குண்டு இல்லை என்று கண்ணால் ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பிரித்தார். உள்ளே எங்கள் கைங்கரியம் மெழுகாகக் கெட்டியாகி, மேலே கரியும் புழுதியும் ஒட்டிக்கொண்டு...

"யாரு பாப்பா இவ்வளவு வைக்கச் சொன்னது?"

அவள் வாயே திறக்கவில்லை. நான் பனிமூட்டத்தை ரசித்தேன்.

"தம்பி, இந்தச் சின்ன குண்டுக்கு பலம் கம்மி. அது உதைக்கிற உதையிலதான் போல்ட் பின்னால போய், காலித் தோட்டாவைத் தள்ளிட்டு, ஸ்பிரிங் வேகத்துல அடுத்ததை ஏத்திக்கிட்டு வரணும். குளிர்ல கிரீஸ் கெட்டியானா அது எப்படி ஓடும்? லடாக்ல இருந்தப்ப எங்களுக்கு இதுதான் முதல் பாடம்."

"அப்ப எந்த எண்ணெய் நல்லது?"

"ஊரைக் கேளுங்க, அது சொல்லும். குளிருக்கு மெல்லிசான துப்பாக்கி எண்ணெய். வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கலாம். புழுதி ஊர்ல எதைப் போட்டாலும் குறைச்சலா. கடற்கரையில தேய்மானத்தைவிடத் துருதான் எதிரி; வெளிப்பக்கம் எண்ணெய்த் துணியால அடிக்கடி துடைங்க. சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் பக்கமே போகக் கூடாது, பிசினாயிடும்."

"தையல் மெஷின் எண்ணெய்?"

"அவசரத்துக்குப் பாவமில்லை. ஆனா சீக்கிரம் காஞ்சிடும்."

பழைய கிரீஸை முழுசாகத் துடைத்தார். குழாய்க்குள் துணி விட்டு இழுத்தார்; குழாயும் சேம்பரும் உலர்ந்திருக்க வேண்டுமாம். ஊசி முனையில் எண்ணெய் எடுத்து, போல்ட் வழுக்கி ஓடுகிற இரண்டு பக்கத் தடத்திலும் ஒவ்வொரு சொட்டு. விரலால் தேய்த்தார். "பளபளன்னு தெரியணும், வழியக் கூடாது." பூட்டி, போல்ட்டைப் பத்துத் தடவை கையால் இழுத்து விட்டார். ஓரத்தில் கசிந்ததைத் துடைத்தார். மேகஸினுக்கும் குண்டுக்கும் ஒரு துளி கூடக் கிடையாது. குண்டுக்குள் எண்ணெய் இறங்கினால் மருந்து வீணாம்.

மொத்தச் செலவு இரண்டு சொட்டு! தேவைக்கு மேல் போடுகிற முதல் நஷ்டக் கணக்கில்தான் சேரும் என்று காலேஜில் படித்து பாஸ் பண்ணியவன் நான். காசு கொடுக்கப் போனேன். "ஊருக்குப் போனா வேலூர்க் கோட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் நான் பின்னால் உட்கார்ந்து பச்சை விளக்குகளை எண்ணினேன். முப்பது பச்சைக்கும் முப்பது 'பட்'. முப்பதாவது சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். பதக்கம் இல்லை. ஆனால் அவளுடைய பழைய ஸ்கோரைவிட 9 பாயிண்ட் அதிகம்.

ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "உன் மாமா சொன்னபடி எண்ணெய் போட்டியே, சரியா இருந்துதாடி?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"மாமா ரொம்ப உதவியா இருந்தார்மா" என்றாள் அந்தக் குழந்தை. "எவ்வளவு போடக் கூடாதுன்னு அவரால்தான் தெரிஞ்சுது."